கன்டனீசில் 'ச்சொட் காய்' என்றால் வெளியே போவது. 'ச்சொட் கா'?

கல்லடிக்காரி:
ஹொங்கொங்கில் ஆறு வருசம் ஒரு வயசாளியைப் பார்த்தேன். 'பொப்போ' (பாட்டி) என்றுதான் கூப்பிடுவேன். போன கிழமை வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினா, கடைசி மகள் 'ச்சொட் கா'வாம். என் காதில் விழுந்தது 'ச்சொட் காய்'. ரோட்டுக்குப் போகிறா ஆக்கும் என்று, "மழை, குடையைக் கொண்டு போகச் சொல்லுங்க" என்று பதில் போட்டுவிட்டேன். மறுகா படம் வருகிறது: மகள் வழித்த தலையோடு, சாம்பல் நிற அங்கியில். வெட்கமாகப் போச்சு. கீழே 'தை தோ' என்றும் சொல்லியிருந்தா. மொட்டைக்கு 'தை தௌ' என்றுதானே கேட்டிருக்கிறேன்? இனி அந்த மகளை எப்படிக் கூப்பிடுவது?

ஆரையம்பதியான்:
தங்கச்சி, அங்கே ஹோட்டல் குசினியில் நின்றவன் நான். 'கா' வீடு, 'காய்' தெரு. வீட்டை விட்டுப் போவது துறவு, தெருவுக்குப் போவது சும்மா உலாத்தல். 'தை தௌ' தலை வழிப்பது. சலூனில் முடி வெட்ட 'ஃபேய் ஃபாட்' என்பார்கள், முடியைப் பறக்க விடுவதாம். 'தை தோ' வேறு. அந்தத் 'தோ' கரையேற்றுவது. 2014இல் பாலம் திறக்குமுன் மட்டக்களப்பு மண்முனைத் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏற்றி அக்கரையில் விட்டார்களே, அதுதான். தலை வழித்து அக்கரைக்கு ஏற்றுகிறார்கள். கதிர்காமத்து மொட்டை மாதிரித் திரும்ப வளர்க்கிற முடி இல்லை.
இனி 'ஸி ஃபூ' என்று கூப்பிடுங்க. 'நேய் கூ' என்ற சொல்லும் பிக்குணிதான், ஆனால் முகத்துக்கு நேரே சொன்னால் மரியாதை இல்லை.

பாணமைப் பொடியன்:
அக்கா, எங்கள் ஊரில் சிங்களமும் தமிழும் ஒரே வாயில் வரும். துறவியாவதைச் சிங்களத்தில் 'மஹண வெனவா' என்பார்கள். அந்த 'மஹண'வும் நம்ம 'சமணர்' என்ற சொல்லும் ஒரே வேர். இளம் துறவிக்கு அவர்கள் 'சாமணேர', கன்டனீசில் 'ஸா நேய்'. அதுவும் அதே வேரிலிருந்து போனதுதான். இங்கே 20 வயசானால்தான் உபசம்பதா, அதாவது முழுத் துறவியாக ஏற்பது. 'ஸௌ காய்' என்று கேட்டால் மறுபடி தெருவென்று நினைக்காதீங்க, அது சீலம் ஏற்பது. அந்தக் 'காய்' கொஞ்சம் தணிந்த குரலில் வரும்.

கல்லடிக்காரி:
சரி தம்பி. 'ஓ நேய் தோ ஃபட்' என்று அமிதாப புத்தரின் பெயரை எழுதி அனுப்பினேன். பொப்போ உடனே பதில் போட்டா: "குடை கொண்டுதான் போனா."