தானே உப்பும் லைஃப் ஜாக்கெட்டுக்குத் தமிழ் என்ன?

[ஸ்காபரோவிலிருந்து]
எல்லோருக்கும் வணக்கம். படகில் போய்த் தூண்டில் போடும் நம்மவர்களுக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இங்கே கனடாவில் சிம்கோ ஏரியில் பனிக்கட்டி கரைந்ததும் ஆட்கள் படகை இறக்கிவிடுவார்கள். அதற்குமுன் கையில் கிடைத்தால்தான் பயன்.

பொருள் இது: கழுத்தைச் சுற்றிப் பட்டை வார் போலக் கிடக்கும் லைஃப் ஜாக்கெட். ஆள் தண்ணீரில் விழுந்தால் கரியமில வாயுக் குப்பி துளைபட்டு, உள்ளே மடித்திருக்கும் பை உப்பிவிடும். இப்போதைக்குத் 'தானியங்கிக் காற்றடைப்பு உயிர்காப்பு அங்கி' என்று போட்டிருக்கிறேன். வாசிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. இரண்டாம் பக்கத் தலைப்பு 'நம்பகத்தன்மை'. அதற்கும் சின்னதாக ஒன்று கிடைத்தால் நல்லது.

[தஞ்சாவூரிலிருந்து]
வள்ளுவர் 306ஆம் குறளில் 'ஏமப் புணை' என்று தந்திருக்க, நாம் ஏன் அங்கிக்கு அலையவேண்டும்? ஏமம் காவல், புணை தெப்பம். உடம்பில் பூணுவதால் 'ஏமப்பூண்' என்றும் சுருக்கலாம். காற்று நிறைவதற்கு 'விம்மு'. ஆக, 'விம்மேமப்புணை'.

இன்னொன்றையும் கவனியுங்கள். புணைக்கு ஈடு, ஜாமீன் என்ற பொருளும் உண்டு. 'புணைப்படுதல்' அகராதியில் இருக்கிறது. கட்டையோடு கட்டையைப் பிணைப்பதும் ஒருவனுக்காக மற்றொருவன் பிணை நிற்பதும் ஒரே வேர் என்பது என் துணிபு. எனவே நம்பகத்தன்மைக்குப் 'புணைமை' என்று வைத்தால் பொருளும் பண்பும் ஒரே சொற்குடும்பத்தில் வந்துவிடும். பிணையல், பிணைச்சல், பின்னல் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

[யாழ்ப்பாணத்திலிருந்து]
ஐயா, வேராராய்ச்சி இருக்கட்டும். 'உயிர்காப்பு அங்கி' எங்கள் கடற்றொழிலாளருக்கு விளங்குகிற சொல், அதைத் தொடவேண்டாம். எனக்குச் சிக்கல் மற்ற இரண்டிலும்தான். தானியங்கி என்பது பெயர்ச்சொல், தானே இயங்கும் பொறி. அடையாக வைப்பதென்றால் 'தன்னியக்க' என்று வரவேண்டும். 'காற்றடைப்பு' இரண்டு வழியிலும் பிழை: உள்ளே போவது காற்றல்ல, அடைப்பு என்றால் குழாய் அடைப்பும் நினைவுக்கு வரும்.

[சென்னையிலிருந்து]
> உள்ளே போவது காற்றல்ல

பேச்சு வழக்கில் எல்லா வாயுவும் காற்றுதான் சார். கேஸ் பலூனில் காற்று இறங்கிவிட்டது என்றுதான் குழந்தையும் அழுகிறது. பேசாமல் லைஃப் ஜாக்கெட் என்றே விடுங்கள். கடையில் போய் ஏமப்பூண் கேட்டால் நகைக்கடைக்கு வழி சொல்வான்.

[தஞ்சாவூரிலிருந்து]
ஜாக்கெட் என்றால் எங்கள் ஊரில் தையற்கடைக்கு வழி சொல்வான், தம்பி.

[மிசிசாகாவிலிருந்து]
நான் தமிழ் படித்தவன் இல்லை, மீன் பிடிப்பவன். எனக்குக் குத்துவது 'தானியங்கி'தான். தானியங்கி என்று பார்த்தவுடன் ஆள் நிம்மதியாகிவிடுவான், திறந்து பார்க்கமாட்டான்.

பெரும்பாலான மாடல்களில் கரைகிற வில்லை ஒன்று இருக்கிறது. ஈரம் பட்டுக் கரைந்ததும் சுருள்வில் விடுபட்டு, ஊசி குப்பியைக் குத்தும். இதை நனைந்தபடியே படகுப் பெட்டிக்குள் போட்டு மூடிவைத்தால் ஆளில்லாமலே ஒருநாள் உப்பிக்கிடக்கும். அது தொல்லை, அவ்வளவுதான். உப்பவேண்டிய நேரத்தில் உப்பாமல் போவதுதான் ஆபத்து. குப்பி திருகி மாட்டுவது. போட்டுக் கழற்றி, படகு அதிர்ந்து, மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். தளர்ந்த குப்பியை ஊசி எட்டாது. முன்பே துளைபட்டுக் காலியான குப்பியை மாற்றாமல் திரும்ப மடித்து வைத்தவர்களும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் புதிது மாதிரியே இருக்கும். குப்பியைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்து, அதன்மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒத்துப் பார்த்து, திரும்ப இறுகத் திருகி மாட்டவேண்டும்.

அப்புறம் தூண்டில் முள். மடிப்புக்குள் ஏறிப் பையில் பொத்தல் போட்டால் குப்பி துளைபட்டு என்ன புண்ணியம்? மழைக்கோட்டை இதன்மேல் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே உப்பினால் நெஞ்சைத்தான் நெரிக்கும்.

ஏப்ரல் தண்ணீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. கை கால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். அந்த முதல் நிமிடத்தில் கையால் உப்பவைக்கும் கயிற்றைத் தேடி இழுப்பது லேசில்லை, அதற்காகத்தான் தானாக உப்புவது வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயரே உத்தரவாதம் கொடுக்கக்கூடாது என்கிறேன். 'நனைந்தால் உப்பும் அங்கி' என்று போடுங்கள்.

[யாழ்ப்பாணத்திலிருந்து]
நல்ல மடல். ஆனால் 'நனைந்தால்' எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நீரழுத்தத்தில் இயங்கும் வகை சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் விடுபடும். மழைக்கும் அலைத்தெறிப்புக்கும் அசையாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதற்கு 'அமிழ்ந்தால்' என்றல்லவா வரவேண்டும்? இன்னொன்று, ஈரத்தில் கரையும் வில்லை என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் 'உப்பும்' என்றும் எழுதினால், அந்த வில்லை உப்பு வில்லையோ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார்.

[சென்னையிலிருந்து]
பூரி உப்பும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லையே.

[ஸ்காபரோவிலிருந்து]
இன்று வியாழன். இப்படி முடிக்கிறேன்: பெயர் 'உப்பும் உயிர்காப்பு அங்கி'. அதன்கீழ் மூன்று வகை: வில்லை வகை, நீரழுத்த வகை, கயிறு இழுக்கும் வகை. 'தானாக' என்ற சொல் விளக்கத்தில் மட்டும் வரும், குப்பியைப் பார்க்கச் சொல்லும் வரிக்கு அடுத்தே வரும். 'நம்பகத்தன்மை' தலைப்பை எடுத்துவிட்டு 'நேரத்துக்கு உப்புமா?' என்று வைத்துவிட்டேன். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த அங்கி இங்கே ஏற்கப்படுவதில்லை, திறந்த படகில் உடம்பில் மாட்டியிருந்தால்தான் சட்டப்படி கணக்கில் வரும் என்ற இரண்டையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

[சென்னையிலிருந்து]
சரி. அடைப்புக்குறிக்குள் லைஃப் ஜாக்கெட் என்று ஒருமுறையாவது போடுங்கள். உப்புமா தலைப்பை மட்டும் இன்னொரு தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

[தஞ்சாவூரிலிருந்து]
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கேள்வி வாக்கியம் கலைச்சொல் ஆகாது. 'புணைமை' ஒருநாள் வேண்டியிருக்கும்.

[ஸ்காபரோவிலிருந்து]
தலைப்பு 'நேரத்துக்கு விரியுமா?' என்று மாறிவிட்டது, நன்றி. கடைசியாக ஒன்று: அங்கி மேலே ஏறிக் கழன்றுவிடாமல் கால்களுக்கு இடையே கொடுத்துக் கட்டும் பட்டைக்கு என்ன சொல்வது? 'கோவணப் பட்டை' என்று எழுதினேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

[தஞ்சாவூரிலிருந்து]
தொடைக்குச் சங்கச் சொல் குறங்கு. 'குறங்குவார்'.

[மிசிசாகாவிலிருந்து]
ஐயா, அச்சில் றகரம் போய் ரகரம் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? கோவணப் பட்டையே இருக்கட்டும். சிரித்தாலும் கட்டுவார்கள்.