அச்சில் இல்லாத பழைய துப்பாக்கிப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா?

பழைய_ரைபிள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் ஓஹாயோ பக்கம் இருக்கிறேன். பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள், அவற்றின் வரலாற்றைத் தோண்டுபவர்கள் என்று இங்கே எங்களுக்கு ஒரு சின்னக் குழு உண்டு. குழுவின் மூத்தவர் ஒருவர் காலமானதும், அலமாரி அலமாரியாக அவர் சேர்த்திருந்த புத்தகங்களை அவர் மனைவி எங்களிடம் ஒப்படைத்துவிட்டார். முக்கால்வாசி இப்போது அச்சில் இல்லை. காகிதம் பழுத்துப் போய், பக்கத்தைத் திருப்பினாலே ஓரம் பொடியாக உதிர்கிறது, அதனால் முதல் வேலையாக ஸ்கேன் எடுக்க ஆரம்பித்துவிட்டோம்.

இருப்பவற்றில் சில: கிரீனர் எழுதிய துப்பாக்கி வரலாற்று நூலின் 1910 பதிப்பு, பிரிட்டிஷ் போர் அலுவலகம் 1929இல் போட்ட சிறு ஆயுதப் பாடநூல், ஜூலியன் ஹேட்சரின் 1935 கைத்துப்பாக்கிப் பாடநூல், கேரண்ட் ரைபிளுக்கான அமெரிக்க ராணுவக் கையேடு எஃப்எம் 23-5, பழைய கம்பெனி கேட்லாக்குகள், அப்புறம் 1972இல் ஒருவர் சொந்தக் காசில் அச்சிட்ட வரிசை எண் புத்தகம். இந்தக் கடைசிப் புத்தகம்தான் எல்லோரும் கேட்பது. ஒரு துப்பாக்கி எந்த வருடம் செய்தது, முத்திரை அசலா போலியா என்று பார்க்க அதை விட்டால் வேறு வழியில்லை. பழைய புத்தகக் கடைகளில் நூற்றுக்கணக்கான டாலர் கேட்கிறார்கள்.

குழுவில் பாதிப் பேர் "அச்சிலேயே இல்லை, யாருக்கு நஷ்டம், போட்டுவிடலாம்" என்கிறார்கள். மீதிப் பேர் "வழக்கு வரும், தொடாதே" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகத்து_எலி:

தம்பி, நான் இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் டிஜிட்டல் பிரிவில் வேலை பார்ப்பவள், இதே கேள்வி எங்களுக்குத் தினமும் வரும். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். அச்சில் இல்லை என்பதற்கும் காப்புரிமை இல்லை என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை பதிப்பாளரிடமிருந்து ஆசிரியருக்குத் திரும்பும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், ஆனால் அது அவர்கள் இருவருக்குள் உள்ள கணக்கு. நமக்கு அதில் எதுவும் வராது.

அதற்காகப் பயந்து எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடவும் வேண்டாம். நீங்கள் சொன்ன பட்டியலில் பாதி ஏற்கெனவே பப்ளிக் டொமைன், அதாவது காப்புரிமை இல்லாமல் எல்லோருக்கும் பொதுவானவை. அமெரிக்காவில் இந்த 2026 ஜனவரியோடு 1930 வரை வெளிவந்த புத்தகங்கள் எல்லாம் விடுதலை, அடுத்த ஜனவரியில் 1931 சேரும். ஆக கிரீனர் 1910, போர் அலுவலகப் பாடநூல் 1929, இரண்டையும் இன்றைக்கே போடலாம். இங்கிலாந்திலும் தடையில்லை, ஏனென்றால் கிரீனர் இறந்தது 1921இல், போர் அலுவலக நூலுக்கு இருந்த அரசுக் காப்புரிமை 50 வருடத்தில் முடிந்துவிட்டது. எஃப்எம் 23-5 மாதிரி அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில் எழுதியவற்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமையே கிடையாது, எந்த வருடமானாலும் சரி.

சிக்கலும் சுவாரசியமும் 1931 முதல் 1963 வரை வந்த புத்தகங்களில்தான். அன்றைய சட்டப்படி முதல் தவணை 28 வருடம். 28ஆவது வருடத்தில் யாராவது மனுப் போட்டுப் புதுப்பித்திருந்தால்தான் மொத்தம் 95 வருடம் ஓடும். புதுப்பிக்காவிட்டால் அப்போதே முடிந்தது. காப்புரிமை அலுவலகம் அந்தக் காலத்தில் செய்த ஆய்வு ஒன்றில், பதிவான படைப்புகளில் 15 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் புதுப்பிக்கப்பட்டன என்று வந்தது, புத்தகங்களில் வெறும் 7 சதவீதம். துப்பாக்கிப் புத்தகங்களைப் போட்டவர்கள் பெரும்பாலும் சின்னப் பதிப்பகங்கள். 28 வருடம் கழித்துப் பலதும் கைமாறியோ மூடியோ போயிருக்கும். அதனால் தேடிப் பார்ப்பது வீண் வேலையே இல்லை.

ஹேட்சரின் 1935 புத்தகத்துக்கு 1962, 1963 பதிவுகளைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் புதுப்பித்தல் தரவுத்தளத்தில் ஆசிரியர் பெயர், தலைப்பு இரண்டையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள், ஏனென்றால் தலைப்பில் ஒரு எழுத்து மாறினாலும் சிக்காது. பதிவு இருந்தால் 2030 முடியும்வரை பொறுக்க வேண்டும். பதிவு கிடைத்தால் அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுத்தையும் கவனியுங்கள். ஏ என்றால் ஆசிரியரே புதுப்பித்தது, டபிள்யூ என்றால் அவருடைய மனைவி, சி என்றால் பிள்ளைகள். உரிமை இன்று யாரிடம் இருக்கலாம் என்று துப்பு துலக்க அந்த ஒற்றை எழுத்துதான் முதல் படி, எத்தனையோ குடும்பங்களை நாங்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறோம்.

தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தை ஸ்கேனில் விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு பக்கம் இல்லாமல் எதையும் சரிபார்க்க முடியாது. 1978க்கு முன் அமெரிக்காவில் வந்தவற்றில் காப்புரிமை அறிவிப்பு, அதாவது வட்டத்துக்குள் சி எழுத்தோ "காப்பிரைட்" என்ற வார்த்தையோ, வருடமும் பெயரும் சேர்ந்து இல்லையென்றால் அது வெளிவந்த அன்றே பப்ளிக் டொமைன். கம்பெனி கேட்லாக்குகள் பல இப்படித்தான் தப்பித்தன. அட்டை, உள்பக்கம், கடைசிப் பக்கம் எல்லாம் புரட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் கேட்லாக் ஜெர்மன் கம்பெனியுடையதோ பெல்ஜியம் கம்பெனியுடையதோ என்றால் நில்லுங்கள். 1996 ஜனவரி 1 அன்று சொந்த நாட்டில் காப்புரிமை உயிரோடு இருந்த வெளிநாட்டுப் படைப்புகளுக்கு, அறிவிப்பு இல்லாவிட்டாலும் புதுப்பிக்காவிட்டாலும், அமெரிக்கா உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. 1936 ஜெர்மன் கேட்லாக் 2031 முடியும்வரை பூட்டிலேயே இருக்கலாம்.

கோவை_வக்கீல்:

அக்கா சொன்னது அமெரிக்கக் கணக்கு. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் 1957 சட்டத்தில் கணக்கே வேறு, ஆசிரியர் இறந்த அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். ஹேட்சர் இறந்தது 1963இல், அதனால் அவர் தனியாக எழுதியவை 2024 ஜனவரி 1 முதல் இங்கே பப்ளிக் டொமைன். அதே 1935 புத்தகம் அமெரிக்காவில் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அங்கே இன்னும் பூட்டுக்குள் இருக்கும். ஒரே பிடிஎஃப், ஒரு நாட்டில் தவறு, இன்னொரு நாட்டில் தவறே இல்லை. ஓஹாயோவில் உட்கார்ந்து ஏற்றுபவர் அமெரிக்கச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், சர்வர் எங்கே இருந்தாலும் சரி.

இன்னொன்று. அச்சில் இல்லாத புத்தகத்துக்கு விலக்கு உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு, ஆனால் நூலகத்துக்கு. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். அதைக் காட்டி ஊருக்கே இணையத்தில் கொடுக்க முடியாது.

கன்_ஹிஸ்டரி_77:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? போட்டுவிடுங்கள். யாராவது நோட்டீஸ் அனுப்பினால் எடுத்துவிடலாம். இந்தப் புத்தகங்களைக் காப்பாற்றுவதற்கு வேறு யாரும் வரப் போவதில்லை, பதிப்பாளர்கள் ஐம்பது வருடமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நூலகத்து_எலி:

காப்பாற்ற வேண்டும் என்ற உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு, ஆனால் "நோட்டீஸ் வந்தால் எடுத்துவிடலாம்" என்பது தளம் நடத்துபவருக்கு இருக்கும் பாதுகாப்பு, ஏற்றியவருக்கு இல்லை. காப்புரிமை உரிய காலத்தில் பதிவாகியிருந்தால் ஒரு படைப்புக்கு 750 டாலரிலிருந்து 30,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம், தெரிந்தே செய்தது என்றால் 1,50,000 வரை போகும். நஷ்டம் எவ்வளவு என்று அவர்கள் நிரூபிக்கக்கூடத் தேவையில்லை. 2022இல் ஆரம்பித்த காப்புரிமைக் கோரிக்கை வாரியம் வந்த பிறகு வக்கீல் வைக்க வசதியில்லாத ஆசிரியரும் குறைந்த செலவில் வழக்குப் போடலாம். நல்ல நோக்கம் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் லாபம் பார்க்காத நிறுவனம், புத்தகங்களை இரவல் மாதிரிதான் கொடுத்தது, அப்படியும் பதிப்பாளர்கள் போட்ட வழக்கில் 2023இல் தோற்று, 2024 மேல்முறையீட்டிலும் தோற்றது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1972இல் சொந்தக் காசு போட்டு அச்சிட்ட அந்த மனிதர், அல்லது அவர் பிள்ளைகள், இன்னும் இருக்கலாம். வருடக்கணக்கில் தொழிற்சாலைப் பேரேடுகளைப் புரட்டி எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முறையான அறிவிப்பு இருந்தால் அந்தப் புத்தகத்துக்கு 2067 முடியும்வரை உரிமை உண்டு.

பழைய_ரைபிள்:

நன்றி அக்கா, பாதிக் குழப்பம் தீர்ந்தது. இரண்டு சந்தேகம். ஒன்று, எஃப்எம் 23-5 எங்களிடம் இருப்பது ராணுவப் பிரதி இல்லை, ஒரு தனியார் 1980களில் செய்த மறுபதிப்பு, முதல் பக்கத்தில் அவர்கள் பெயரில் காப்புரிமை என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு, அந்த 1972 ஆசிரியரைத் தேடிக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? எங்களுக்கு உண்மையில் வேண்டியது அந்த எண் அட்டவணைதான்.

நூலகத்து_எலி:

முதல் கேள்விக்கு: பப்ளிக் டொமைனில் உள்ளதை அப்படியே படம் பிடித்து அச்சிட்டால் புது உரிமை வராது. 1999இல் பிரிட்ஜ்மேன் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தட்டையான பழைய ஓவியங்களின் அச்சு அசலான புகைப்படங்களுக்கே காப்புரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. மறுபதிப்பாளர் சேர்த்த முன்னுரை, புதிய படங்கள், புது அட்டை இவற்றுக்கு மட்டும்தான் அவர் உரிமை கோர முடியும். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு மீதியைப் போடுங்கள், அசல் ராணுவப் பிரதி யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவதுக்கு: அனுமதி கேட்டு எழுதுவதுதான் முதல் வேலை. நான் பார்த்தவரை, வயதான ஆசிரியர்கள் பலர் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள், தன் புத்தகத்தை இன்னும் ஒருவர் தேடுகிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். கடிதத்தில் "போடலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் புத்தகம், எந்தத் தளம், இலவசமாகத்தானா, எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம் என்பதை எல்லாம் எழுதி, கையெழுத்தோடு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மூன்று பேர் என்றால் ஒருவரிடம் வாங்கியதோடு நிறுத்த வேண்டாம், மற்றவர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வராது. யாருமே கிடைக்காவிட்டால், உரிமையாளர் தெரியாத புத்தகத்துக்கு இங்கிலாந்தில் அரசே உரிமம் தரும் திட்டம் 2014 முதல் இருக்கிறது, அமெரிக்காவில் அப்படி ஒன்று இல்லை. பிரதியை ஏதாவது நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ கொடுத்து வையுங்கள். உரிமைக் காலத்தின் கடைசி 20 வருடத்தில், கடையில் கிடைக்காத புத்தகங்களை நூலகங்கள் பொதுவில் வைக்க அமெரிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் நீங்கள் கேட்பது அட்டவணைதான் என்றால் அதற்கு இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. 1991இல் ஃபைஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கன்சாஸில் ஒரு தொலைபேசிக் கம்பெனி தொகுத்த பெயர், எண் பட்டியலுக்குக் காப்புரிமை கிடையாது என்று சொன்னது. உண்மைத் தகவல் யாருக்கும் சொந்தமில்லை, அதைத் திரட்டப் பட்ட கஷ்டத்துக்காக மட்டும் உரிமை வராது என்பதுதான் தீர்ப்பு. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த வருடம் தயாரானது என்பது வெறும் தகவல். பக்கத்தை ஸ்கேனாகப் போடாமல், எண்களை எடுத்து உங்கள் சொந்த வடிவில் ஒரு விரிதாளாகப் போடலாம். ஆசிரியரின் விளக்கங்களையும் படங்களையும் தொடாதீர்கள். பேரேட்டில் இல்லாமல் அவரே ஊகித்து நிரப்பிய வருடங்கள் இருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள், அது அவருடைய கணிப்பு. எண்கள் எங்கிருந்து வந்தன என்று அவர் பெயரை விரிதாளின் முதல் வரியிலேயே போடுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் போட வேண்டும்.

கோவை_வக்கீல்:

அக்கா சொன்னதோடு ஒன்று. ஏற்றும் தளத்தின் விதிகளையும் படித்துவிடுங்கள். காப்புரிமையில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் ஆயுதம் சம்பந்தப்பட்ட உள்ளடக்கத்துக்கு சில தளங்கள் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கும். புத்தகத்துக்கு ஒரு கோப்புறை வைத்து, தலைப்புப் பக்கத்தின் இருபுறமும், தரவுத்தளத்தில் தேடிய தேதியும் முடிவும், வந்த கடிதங்களும் அதில் இருக்கட்டும். நாளைக்கு யாராவது தளத்துக்குப் புகார் கொடுத்து, கிரீனரைப் போல உரிமை முடிந்த புத்தகத்தைத் தவறாக எடுத்துவிட்டார்கள் என்றால், எதிர் மனு எழுத அந்தக் கோப்புறை போதும்.