பெயிண்ட்பால்: மாஸ்க்ல ஆவி, பேரல்ல உடையுற பந்து. கையோட என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஞாயிறு_ஆட்டம்:
வணக்கம். வர்ற ஞாயிறு ஈசிஆர் பக்கம் திறந்தவெளி மைதானத்துல ஆறு பேர் ஆடப்போறோம். மார்க்கர் (பெயிண்ட் பந்து சுடுற துப்பாக்கி), மாஸ்க், மார்புக் கவசம் எல்லாம் அங்கயே வாடகை. தலைக்கு 50 பந்து. போன தடவை பத்து நிமிஷத்துல லென்ஸ் முழுக்க ஆவி. ரெண்டு மார்க்கர்ல பந்து பேரலுக்குள்ளயே (குழலுக்குள்ளயே) உடைஞ்சு, அப்புறம் சுட்டதெல்லாம் கோணலாப் போச்சு. எங்கள்ல ஒருத்தர் மூக்குக்கண்ணாடி போடுறவர். கூடுதல் பந்து டப்பாவை (பாட்) இடுப்புல மாட்டிக்கிற பாட் பெல்ட் வாங்கலாமா?

கவசம்68:
பெல்ட் வேண்டாம். ஒரு பாட்ல 140 பந்து பிடிக்கும், மார்க்கர் மேல இருக்கிற பந்து கொட்டுற ஹாப்பர்லயே சுமார் 200 பிடிக்கும். 50 பந்துக்கு எதுக்கு? அந்தக் காசுல கையுறை வாங்குங்க. விரல் கணுவுல அடிபட்டாத்தான் ரொம்ப வலிக்கும்.

ஆவிக்கு வருவோம். வாடகை மாஸ்க்ல பெரும்பாலும் ஒற்றைத் தகடு லென்ஸ். மூச்சும் வேர்வையும் உள்ளயே தேங்கி லென்ஸ்ல படியுது. ஆட்டத்துக்கு முன்னாடி உள்பக்கம் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ விட்டு மெல்லிசாத் தடவி, காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணியால பளிச்சுனு ஆகுற வரைக்கும் துடைங்க. இரட்டைத் தகடு தெர்மல் லென்ஸ் கொடுத்தா ஷாம்பூ வேண்டாம், உள்பூச்சு போயிடும். அதைத் தண்ணியில முக்கவும் கூடாது, ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ஈரம் புகுந்தா அன்னைக்கு முழுக்கத் தெளியாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எந்த லென்ஸுக்கும் ஆகாது, பாலிகார்பனேட்டைப் பலவீனமாக்கும்.

தலைக்கு ரெண்டு துணி, ஜிப் கவர்ல. ஒண்ணு ஈரமானா இன்னொண்ணு. நெத்தியில பருத்திக் கைக்குட்டை கட்டுங்க, ஆனா அது மாஸ்க் ஸ்பாஞ்சுக்கு அடியில மாட்டி இடைவெளி விடக்கூடாது. கண்ணாடிக்காரர் கான்டாக்ட் லென்ஸ் போட்டா நல்லது. இல்லேன்னா கண்ணாடி உள்ள அடங்குற மாஸ்க் இருக்கான்னு முன்னாடியே கேட்டு வைங்க. எவ்வளவு ஆவி படிஞ்சாலும் மைதானத்துக்குள்ள மாஸ்கைத் தூக்கக் கூடாது, கையைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்துடுங்க.

குழல்_துடைப்பான்:
பந்து உடையுறதுக்குக் காரணமும் ஈரம்தான். ஓடு ஜெலட்டின். கடற்கரைக் காத்துல திறந்து கிடந்தா ஊறிப் பருக்கும், வடிவம் மாறும், பேரலை இறுக்கும். ஒண்ணு உடைஞ்சு உள்ள பெயிண்ட் ஒட்டிட்டா அடுத்து வர்றது எல்லாம் வழுக்கித் திசை மாறும். சுட்டே சுத்தம் பண்ணிடலாம்னு நினைக்காதீங்க, ஒட்டினது அப்படியே இருக்கும்.

கயிறு போட்ட ஸ்குவீஜி (பேரலுக்குள்ள இழுத்துத் துடைக்கிற ரப்பர் வட்டு) ஒண்ணு, ஒரு ஸ்வாப் (மெத்துனு இருக்கிற குழல் துடைப்பான்), பழைய பனியன் துணி நாலு துண்டு போதும். சேஃப்டி போட்டு, ஹாப்பரை எடுத்து, பேரலைத் திருகிக் கழட்டி, மார்க்கர்ல மாட்டுற முனையிலிருந்து வாய்ப்பக்கமா ஒரே இழுப்பு. பிறகு காய்ஞ்ச ஸ்வாப். கீழே விழுந்த பந்தைப் பொறுக்கிப் போடவே கூடாது, ஒட்டின மணல் பேரலைக் கீறிடும்.

சந்து_முனை:
மேலே சொன்னதுல ஒரு திருத்தம். வாடகை மார்க்கர்ல பேரலை நீங்களாக் கழட்டாதீங்க, மைதானத்து ஆள் முன்னாடி செய்யுங்க. மார்க்கரோட கேஸ் டேங்க் இணைப்புல 'உஸ்'னு சத்தம் வந்தா ஓ-ரிங் (கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) போயிருக்கும். அதையும் அவங்ககிட்டயே விடுங்க. குரோனோகிராஃப்ல (வேகம் அளக்குற கருவி) பந்தோட வேகம் பாத்தாங்களான்னும் கேளுங்க. வினாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது.

இன்னும் சில: தொப்பியைப் பின்னாடி திருப்பிப் போட்டா தலைக்குக் கொஞ்சம் காப்பு. கழுத்துக்குத் தடிமனான துண்டு, வாலிபால் முட்டிக்காப்பு, முழுக்கை சட்டை, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி, ORS, மாத்து சாக்ஸ். இரும்பு ஸ்டட் ஷூ பல இடத்துல விடமாட்டாங்க.

ஞாயிறு_ஆட்டம்:
நன்றி. முதல் நாளே பந்தை வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சா கெட்டியாகும்னு ஒருத்தர் சொல்றார், உண்மையா?

குழல்_துடைப்பான்:
வேண்டாம். குளிர்ல ஓடு நொறுங்குற பதத்துக்கு வரும், வெளியே எடுத்ததும் வேர்த்து ஈரமாகும். கார் டிக்கியிலயும் வைக்காதீங்க, சூட்டுல இளகிடும். முதல்ல வெளிப்பந்தை அனுமதிப்பாங்களான்னு கேளுங்க, பல மைதானத்துல அவங்க பந்து மட்டும்தான். அங்கயே வாங்குறதை ஜிப் கவர்ல மூடி நிழல்ல வைங்க, அப்பப்போ தேவையானதை மட்டும் ஹாப்பர்ல கொட்டுங்க.

மிச்சத்தை வழியில கொட்டிடாதீங்க. உள்ள இருக்கிறது பாலிஎத்திலீன் கிளைக்கால். துணியில பட்டா தண்ணியிலயே போயிடும், ஆனா நாய் தின்னா வயித்துக்குள்ள தண்ணியை இழுத்து உயிருக்கே ஆபத்தாகும். அந்தப் பக்கம் தெருநாய் அதிகம்.