ஸ்ட்ரான்ஷியம் போட்டா பின்ஹோல் வருமா?

காட்பாடி_உலை: நேத்து ஒருத்தர் இங்க "எல்எம்6 அலுமினிய-சிலிக்கான் கலவையில ஸ்ட்ரான்ஷியம் போட்டா பின்ஹோல் (வார்ப்புல பொடி ஓட்டை) வரும், சோடியம்தான் நல்லது"ன்னு அடிச்சு விட்டுட்டுப் போயிருக்காரு. ரெண்டுமே சிலிக்கானை மெல்லிசாக்கப் போடறதுதான். ஆனா அரை மணி நேரத்துல சோடியம் ஆவியாப் பறந்துடும். கடைசி லேடில் ஊத்தறதுக்குள்ள சிலிக்கான் திரும்ப ஊசி ஊசியா வந்து நிக்கும். ஸ்ட்ரான்ஷியம் மணிக்கணக்கா நிக்கும். 0.02% போதும், சிலிக்கான் நார் நாராயிடும். ஒரு துண்டை உடைச்சுப் பாருங்க, பளபளன்னு முரடா இருந்த முறிவு பட்டு மாதிரி ஆகியிருக்கும்.

சிப்காட்_மோல்டர்: அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லியே கேக்கலாம். பின்ஹோல் வரும். எங்களுக்கு வந்துச்சு, பம்ப் பாடி மொத்த லாட்டும் ரிஜெக்ட்.

காட்பாடி_உலை: நனைஞ்ச இன்காட்டை அப்படியே ஃபர்னஸ்ல போட்டிருப்பீங்க. ஹைட்ரஜன் ஏறாம இன்னா பண்ணும்?

சிப்காட்_மோல்டர்: சூடு பண்ணித்தான் போட்டோம். ஸ்ட்ரான்ஷியம் போடாத லாட்ல ஓட்டை இல்ல, போட்டதுல இருக்கு. வேற இன்னா ப்ரூஃப் வேணும்?

மெட்டலர்ஜி_பையன்: அண்ணா, வாயுத் துளையா, சுருக்கத் துளையா? ஸ்ட்ரான்ஷியம் சேர்த்தா ஒரே இடத்துல குவியற சுருக்கம் பொடிப்பொடியாப் பரவும்னு படிச்சேன்.

காட்பாடி_உலை: தம்பி, ஓட்டைன்னா ஓட்டைதான்.

சிப்காட்_மோல்டர்: அதேதான்.

டைகாஸ்ட்_வாலாஜா: டைகாஸ்ட் அலுமினியம் ஏடிசி12ல எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல. டை (இரும்பு அச்சு) சட்டுன்னு குளிர வைக்குது, சிலிக்கான் தானா மெல்லிசாகுது.

சிப்காட்_மோல்டர்: உங்களை யார் கேட்டா? சோடியம் ஒண்ணும் நேத்து வந்ததில்ல. 1921லயே அலடார் பாட்ஸ் (Pacz) சோடியம் ஃப்ளோரைடு போட்டு அமெரிக்காவுல பேடண்ட் வாங்கிட்டாரு. நூறு வருஷமா ஓடுது.

காட்பாடி_உலை: நூறு வருஷம் முன்னாடி பாலாத்துல தண்ணியும்தான் ஓடுச்சு.

சிப்காட்_மோல்டர்: ஆத்தை இழுக்காதீங்க சார். அதைக் கெடுத்தது தோல் ஷெட்டு, ஃபவுண்டரி இல்ல.

டைகாஸ்ட்_வாலாஜா: மணல் அள்ளுனது யாரு? அதையும் சொல்லுங்க.

காட்பாடி_உலை: 2019ல தனி மாவட்டம் ஆனதுல இருந்தே ராணிப்பேட்டைக்காரங்க வேலூர்க்காரன் பேச்சைக் கேக்கறதில்ல. விடுங்க. டீகாஸ், அதான் உருகின உலோகத்துல இருந்து ஹைட்ரஜனை வெளியேத்தறது, எதுல பண்ணீங்க?

சிப்காட்_மோல்டர்: டேப்லெட்ல. எல்லாரும் அமுக்கறதுதானே.

காட்பாடி_உலை: ஆஹா! ஸ்ட்ரான்ஷியம் போட்டப்புறம் டேப்லெட்டா? அதுல வர்ற குளோரின் ஸ்ட்ரான்ஷியத்தையே அள்ளிட்டுப் போயிடும். போதாததுக்கு பிஸ்டன் ஸ்கிராப் கலந்திருப்பீங்க, அதுல இருக்கற பாஸ்பரஸ் மீதியைத் தின்னிருக்கும். உங்க லாட்ல ஸ்ட்ரான்ஷியமே இருந்திருக்காது. இல்லாததுமேல பழி போடறீங்க.

சிப்காட்_மோல்டர்: ஸ்கிராப் கலந்தோம்னு உங்களுக்கு யார் சொன்னா? அதே டேப்லெட், அதே 740 டிகிரி, முந்தின லாட்ல ஏன் ஓட்டை வரல?

காட்பாடி_உலை: எந்தத் தனிமம் எவ்ளோன்னு காட்டற ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டைப் போடுங்க, பேசுவோம்.

சிப்காட்_மோல்டர்: கஸ்டமர் ரிப்போர்ட்டை இங்க ஒட்டணுமா? நல்லா இருக்கே. ஸ்ட்ரான்ஷியம் போட்டா பின்ஹோல் வரும், அவ்ளோதான்.

காட்பாடி_உலை: வராது. ரிப்போர்ட் எங்க?

டைகாஸ்ட்_வாலாஜா: மணலுக்கு இன்னும் பதில் வரல.