புதுப்பிப்பு: பழுது கூலன்ட் வெப்பநிலை சென்சாரில்தான்

என் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்குகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது, சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் விசிறி ஓடுகிறது, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0118 என்ற பழுதுக் குறியீடு (கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலைச் சென்சார் சுற்றைக் குறிப்பது) வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொன்னார் மெக்கானிக். மாற்றவில்லை, நல்லதாகப் போயிற்று.

இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்கேனரைச் செருகினேன். உள்ளே போகும் காற்று 29 டிகிரி. கூலன்ட் மைனஸ் 40! மதுரையில் அப்படிக் குளிர்ந்திருந்தால் செய்தித்தாளில் வந்திருக்கும். சென்சாரின் மின்சுற்று அறுந்தால் வண்டியின் கணினி காட்டும் எண் அது. ஆனால் அறுந்தது சென்சாரா, வயரா?

இரண்டு கம்பிச் சென்சார் என்பதால் சாக்கெட்டைக் கழற்றி, வயர் பக்கத்து இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தேன். அளவு உடனே 130-ஐத் தாண்டியது. ஆக, வயரும் கணினியும் நலம். மல்டிமீட்டரை வைத்தால் பழைய சென்சாரில் மின் தொடர்பே இல்லை. புதியது சுமார் 1.7 கிலோ ஓம் மின்தடை காட்டியது. சூடு ஏற ஏற இந்த மின்தடை குறைய வேண்டும். 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓம்.

மாற்றுபவர்கள் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். சிந்திய கூலன்ட்டை நிரப்பி, காற்றையும் வெளியேற்ற வேண்டும். இப்போது விசிறி எஞ்சின் சூடான பிறகுதான் ஓடுகிறது, வாடையும் இல்லை.