'ப்ளீஸ்' போட்டும் அதட்டல் மாதிரி இருக்காம்: ஆங்கில மெயிலில் பணிவாகக் கேட்பது எப்படி?

புதுவரைவு:
வணக்கம். மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். முன்பு எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கணும். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுதி வைத்திருப்பது இதுதான்:

"ரெஸ்பெக்டட் சார், ஐ வாண்ட் எ ரெகமண்டேஷன் லெட்டர் ஃப்ரம் யூ. ப்ளீஸ் சென்ட் இட் வித்தின் மார்ச் 20. கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் பேக்."

படித்துப் பார்த்த தோழி, "கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கிற மாதிரி இருக்கு" என்கிறாள். ப்ளீஸ் இருக்கு, கைண்ட்லி இருக்கு, ரெஸ்பெக்டட் கூட இருக்கு. இன்னும் எங்கே குறையுது?

நீலப்பேனா:
முதல்ல 'ஐ வாண்ட்'டைத் தூக்குங்க. பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

அரைப்புள்ளி:
தோழி சொல்றது சரிதான். தமிழில் 'அனுப்புங்க' என்றால் அந்த 'ங்க'வே மரியாதையைப் பார்த்துக்கும். ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். 'சென்ட் இட்' ஏவல். முன்னால் ப்ளீஸ் ஒட்டினாலும் ஏவல் ஏவல்தான். மரியாதை வருவது குட் (could), வுட் (would) மாதிரி துணைவினைகளாலும், கேள்வியாகக் கேட்பதாலும். 'குட் யூ சென்ட் இட்?' என்றால் முடிவு அவர் கையில்.

சிபாரிசுக் கடிதத்துக்கு அதுகூடப் போதாது என்பேன். அவர் தன் பெயரைப் போட்டு உங்களுக்காகச் சொல்லப்போகிறார். மறுக்கவும் வழி விடணும். 'வுட் யூ பி வில்லிங் டு ரைட் எ ரெகமண்டேஷன் லெட்டர் ஃபார் மீ?' என்று கேளுங்க.

அப்புறம் 'வித்தின் மார்ச் 20' வராது. நம்ம 'க்குள்' செய்கிற வேலை அது. கால அளவுக்குத்தான் வித்தின்: 'வித்தின் டூ வீக்ஸ்'. தேதிக்கு 'பை': 'பை மார்ச் 20'. அதில் 20-ம் தேதியும் அடக்கம்.

புதுவரைவு:
நன்றிங்க. ஆனா குட் என்பது கேனோட இறந்தகாலம்தானே? இனிமேல் செய்யப்போறதைத்தானே கேட்கிறேன்?

அரைப்புள்ளி:
வடிவம் மட்டும்தான் இறந்தகாலம். நாமும் 'அனுப்பினா நல்லாயிருக்கும்' என்கிறோமே, நேத்து அனுப்பியதையா சொல்றோம்? அதே கதைதான். 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்...' என்பதும் இந்த வகையே. இது கேள்வி மாதிரி ஒலித்தாலும் கடைசியில் முற்றுப்புள்ளிதான், கேள்விக்குறி வராது.

பழையகோப்பு:
'டூ தி நீட்ஃபுல்' தப்பே இல்லைங்க. எங்க ஆபீஸில் தினமும் ஓடுது.

நீலப்பேனா:
உங்க ஆபீஸுக்குள்ள தாராளமா எழுதுங்க சார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் முன்பு புழங்கியதுதான். இப்போ தெற்காசியாவுக்கு வெளியே பழைய வாடை அடிக்கும், சிலருக்குப் புரியவே புரியாது. அதைவிட, 'நீட்ஃபுல்', அதாவது ஆவன என்றால் எது? என்ன செய்யணும் என்பதைப் படிக்கிறவரே ஊகிக்கணும். 'ரிவர்ட்' இன்னும் வம்பு: வெளியே அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் பொருள். 'ரிப்ளை' போதும்.

புதுவரைவு:
'வுட் யூ மைண்ட்' போடலாமா?

அரைப்புள்ளி:
போடலாம், ஆனா பின்னால் 'டு' வராது, 'இங்' வரும்: 'வுட் யூ மைண்ட் ரைட்டிங்...' அதே கேள்வியை உங்ககிட்ட யாராவது கேட்டா பதிலில் கவனம். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறாங்க. செய்யத் தயார் என்றால் 'நாட் அட் ஆல்'. 'யெஸ்' என்று மட்டும் எழுதினா மாட்டேன் என்றாகிவிடும். இவ்வளவு பெரிய உதவிக்கு நான் வில்லிங்தான் வைப்பேன். ஜன்னலைச் சாத்தச் சொல்ல மைண்ட் போதும்.

புதுவரைவு:
இப்போ பாருங்க:

"டியர் புரொஃபசர், ஐ ஆம் அப்ளையிங் ஃபார் எ மாஸ்டர்ஸ் புரோகிராம். வுட் யூ பி வில்லிங் டு ரைட் எ ரெகமண்டேஷன் லெட்டர் ஃபார் மீ? இஃப் ஸோ, ஐ வுட் அப்ரிஷியேட் இஃப் யூ குட் சென்ட் இட் பை மார்ச் 20. ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ."

நீலப்பேனா:
ஆளே மாறிட்டீங்க! ரெண்டு திருத்தம். 'அப்ரிஷியேட் இட் இஃப்', நடுவில் அந்த 'இட்' வேணும். 'லுக் ஃபார்வர்ட் டு'வுக்குப் பின் 'ஹியரிங்'. புரொஃபசருக்கு அப்புறம் அவர் குடும்பப் பெயரையும் போடுங்க. பெயர் சொல்லித் தொடங்கினா முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி'. 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' பிரிட்டிஷ் வழக்கில் 'டியர் சார் ஆர் மேடம்' கடிதத்துக்கு.

அரைப்புள்ளி:
எந்த வருஷம், எந்தப் பாடம் அவரிடம் படிச்சீங்க என்று ஒரு வரி சேருங்க. ரெஸ்யூமேயை இணையுங்க. அவருக்கு நினைவுபடுத்துகிற வேலையை நீங்களே செய்துகொடுப்பது பத்து கைண்ட்லிக்குச் சமம்.

புதுவரைவு:
சேர்த்தாச்சு. 'இட்' போட்டாச்சு. இப்பவே அனுப்புறேன்.