கிளாட்பாக் 7, இன்டர் 1: இந்த ஆட்டம் ஏன் கணக்கில் இல்லை?

சைடுபெஞ்ச்:
ஆபீஸில் ஒருத்தர் இத்தாலியக் கால்பந்து கிளப் இன்டர் மிலானின் தீவிர ரசிகர். 2010 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மிலிட்டோ ஜெர்மனியின் பேயர்னுக்கு எதிராக அடித்த இரண்டு கோல், 2025 கால் இறுதியில் அதே பேயர்னை வெளியே அனுப்பியது என்று வாரம் ஒரு தடவையாவது ஆரம்பித்துவிடுவார். பொறுக்க முடியாமல் நேற்று, 1971-ல் ஜெர்மன் கிளப் மொன்ஷென்கிளாட்பாக் உங்களை 7-1 என்று துவைத்துக் காயப்போட்டதே என்றேன். "அப்படி ஒரு ஆட்டமே நடக்கவில்லை, போய்ப் பார்" என்று சிரிக்கிறார். தேடிப் பார்த்தால் அந்த வருஷ ஐரோப்பியக் கோப்பையில் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) 4-2, 0-0 என்றுதான் இருக்கிறது, இன்டர் அடுத்த சுற்றுக்கே போயிருக்கிறது. அப்போ அந்த ஏழு கோல் எங்கே போனது?

பழையகோல்கம்பம்:
நீங்கள் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி. 1971 அக்டோபர் 20, கிளாட்பாக்கின் சொந்த மைதானம். 2-1 என்று அவர்கள் முன்னால் இருக்கிறார்கள், அரை மணி நேரம் கூட ஆகவில்லை, கூட்டத்திலிருந்து ஒரு கோலா டப்பா பறந்து வந்து பொனின்சென்யா மேல் பட்டது. இன்டரின் அந்த ஒரு கோலை அடித்தவரே அவர்தான். சுருண்டு விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். காலி டப்பா, சும்மா நடித்தார் என்பது ஜெர்மன்காரர்கள் கட்சி, இத்தாலிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆட்டம் டிவியில் வராததால் இன்று வரை ஆளுக்கொரு கதை.

கொடுமை என்னவென்றால் அதற்கப்புறம் கிளாட்பாக் ஆடியதுதான் ஆட்டம். இடைவேளையில் 5-1, ஹைன்கஸ், லெ ஃபெவ்ர், நெட்சர் ஆளுக்கு இரண்டு, கடைசியில் சீலோஃப் ஒரு பெனால்டி. இன்டர் புகார் கொடுக்க, ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபா முழு ஆட்டத்தையும் ரத்து செய்துவிட்டு மறுபடி ஆடச் சொன்னது. நடுவில் மிலானில் 4-2 இன்டர். டிசம்பர் 1 பெர்லினில் மறு ஆட்டம், 2-0 ஜெயித்திருந்தால் மொத்தம் 4-4 ஆகி, எதிரி மைதானத்தில் அதிகம் அடித்தவருக்கே வெற்றி என்ற அவே கோல் கணக்கில் கிளாட்பாக் தப்பித்திருக்கும். 0-0.

கட்டெனாச்சியோ:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்களே. பெர்லினில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அதே சீலோஃப் அடித்ததை இன்டரின் 20 வயது கோல்கீப்பர் போர்டோன் பிடித்தார். 7-1 டப்பாவால் போனது, சரி. மிலானில் நாலு கோல் வாங்கியதும் பெர்லினில் ஒன்று கூட அடிக்க முடியாததும் டப்பாவாலா? அந்த இன்டர் ஃபைனல் வரை போனது, அங்கே அயாக்ஸின் கிரைஃப்தான் இரண்டு கோல் போட்டு நிறுத்தினார்.

ரூர்பக்கம்:
சைடுபெஞ்ச், ரத்தான ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஏன் சண்டைக்குப் போகிறீர்கள்? 1997 மே மாதத்தைச் சொல்லுங்கள். 21-ம் தேதி ஜெர்மனியின் ஷால்கே, இன்டரின் சொந்த மைதானமான சான் சிரோவிலேயே பெனால்டி ஷூட்அவுட்டில் இன்டரை வீழ்த்தி யூஃபா கோப்பையைத் தூக்கியது. சரியாக ஒரு வாரம் கழித்து, ஷால்கேவோடு ஜென்மப் பகை உள்ள டார்ட்மண்ட், சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் இன்னொரு இத்தாலிய அணியான யுவென்டஸை 3-1. டார்ட்மண்டின் ரிக்கன் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து அரை நிமிஷம் கூட ஆகவில்லை, தொட்ட முதல் பந்தையே தூரத்திலிருந்து யுவென்டஸ் கோல்கீப்பர் பெரூட்ஸி தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டார். அந்த டார்ட்மண்டில் மோலர், கோலர், ராய்ட்டர், பவுலோ சௌசா நாலு பேரும் பழைய யுவென்டஸ் ஆட்கள், அது எனக்குத் தனி சந்தோஷம்.

இன்டரைத்தான் அடிக்க வேண்டும் என்றால் 2011 ஏப்ரல் இருக்கிறது. இன்டர் நடப்பு சாம்பியன், சான் சிரோ, முதல் நிமிஷத்திலேயே அவர்களின் ஸ்டான்கோவிச் கிட்டத்தட்ட நடுக்கோட்டிலிருந்து ஒரு கோல். கடைசியில் ஷால்கே 5, இன்டர் 2.

சைடுபெஞ்ச்:
இது போதும், நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டில் எடுத்து விடுகிறேன். அந்த டப்பா என்ன ஆனது?

பழையகோல்கம்பம்:
நெதர்லாந்துக்கார நடுவர் டோர்ப்மான்ஸ் எடுத்துப் போய்விட்டார். ரொம்ப நாள் அவர் ஊர்ப் பக்கம் விட்டெஸ் கிளப்பின் அருங்காட்சியகத்தில் இருந்தது, அப்புறம் கிளாட்பாக்கே வாங்கி வைத்துக்கொண்டது.

கட்டெனாச்சியோ:
ஷால்கே 5-2 என்று ஆரம்பித்தால், அதற்கு முந்தைய சுற்றில் இன்டர் பேயர்னை மியூனிக்கில் 3-2 என்று வென்றதே, 88-வது நிமிஷத்தில் பாண்டெவ் கோல் என்பார் உங்கள் ஆபீஸ்காரர். அதற்கு ஒரு பதில் வைத்துக்கொண்டு போங்கள்.